பாலத்தில் முதலில் வந்தவன்

ஆற்றங்கரைத் தெரு, போர்ச்சுகல்
பிப்ரவரி, ஞாயிறு

அன்பு மகன் அபீலியுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பாரிஸ் குளிரும் உன் மேஸ்திரியும் உன்னைப் பாடாய்ப் படுத்தாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் பெண்டாட்டி கிராசாவுக்கு இது எட்டாம் மாதம். முட்டைக்கோஸ் சூப் என்றால் இரண்டு கிண்ணம் குடிக்கிறாள். பன்றி அடித்தாயிற்று. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போட்டுக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை இரவு அவளை ரோமர் பாலத்துக்குக் கூட்டிப் போனேன். சிரிக்காதே. இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவளுக்கு நம் பக்கத்தில் வேறு என்ன வழி? நடுச்சாம மணி அடித்தபின் பாலத்தில் முதலில் கால் வைக்கிறவர்தான் ஆற்றுத் தண்ணீரைப் பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் ஊற்றி, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகவேண்டும். முடியாது என்று அவரும் சொல்லக்கூடாது, வேண்டாம் என்று நாமும் சொல்லக்கூடாது. அதற்குமுன் ஒரு நாய் குறுக்கே போனாலும் எல்லாம் வீண். ஆகவே அந்தக் கரையில் பக்கத்து வீட்டு சுல்மீராவைத் தடியோடு நிறுத்தினேன். இந்தக் கரையில் நான்.

உன்னிடம் மறைப்பானேன், மணி அடித்ததும் வந்துவிடும்படி மருந்துக்கடை அல்சீனோவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஞானத்தகப்பன் கொஞ்சம் வசதியான ஆளாக இருக்கட்டுமே! இந்த ஊரில் யார்தான் அப்படிச் செய்யவில்லை?

மணி அடித்தது. அல்சீனோ இன்னும் வீட்டில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருந்தாராம். ரொட்டிக்கடை வேலைக்குப் போக மாவு படிந்த கோட்டோடு வந்து நின்றவன் கசிமீரோ.

ஆமாம், உன் சிநேகிதன் கசிமீரோவேதான். "டேய், திரும்பிப் போயிடுடா, நீ வந்ததை நாங்க பாக்கலைன்னு வெச்சுக்கறோம்" என்றேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். உன் பெண்டாட்டிதான் விடவில்லை. "வந்தவரு வந்தாச்சு அத்தை. பொறுக்கி எடுக்க இது என்ன சந்தையா? அண்ணே, போய்த் தண்ணி மொண்டுட்டு வாங்க" என்றாள். அவள் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை.

அவன் ஊற்றியதில் பாதி என் செருப்பில்தான் விழுந்தது. ஜெபத்தைத் தொடங்கியவன் முடிக்க முடியாமல் அழுதுவிட்டான். கிராசா சொல்லிக்கொடுத்து முடிக்க வைத்தாள். வழக்கப்படி பாலத்திலேயே உட்கார்ந்து கோழியும் ரொட்டியும் சாப்பிடும்போது அல்சீனோ மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என்ன செய்வது, அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

அபீலியு, போன பனிக்காலத்தில் வலி எடுத்த கிராசாவை ஏற்றிப்போன அவன் வண்டி மலைப்பாதையில் நின்றதையும், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் நம் பிள்ளை போனதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பனியில் கிராசாவை முதுகில் சுமந்து மலை இறங்கியவனும் அவன்தானே? அவன் இல்லையென்றால் அவளும் இருந்திருக்க மாட்டாள். கல்லறைத் தோட்டத்தில் ஊரே பார்க்க, "எம்பிள்ளையக் கொன்னவன்டா நீ" என்றாய். உன்னைப் பெற்ற வயிறு என்பதால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நீ சொன்னது தப்பு. அன்றிலிருந்து அவன் ஒருத்தரையும் வண்டியில் ஏற்றுவதில்லை.

நம் தெருவில் அவனிடம் மட்டும்தான் வண்டி இருக்கிறது. பாதையில் இன்னும் பனி உருகவில்லை. இவளுக்கு வலி எடுத்தால் வருவாயா என்று கேட்டேன். "அபீலியு வாயால சொல்லட்டும்மா. அவன் சொல்லாம எனக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கை வராது" என்கிறான்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவனுக்கு எழுது. மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் வேண்டாம். "என் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போ" என்று ஒரே ஒரு வரி எழுதி, இன்றைக்கே தபாலில் போடு. பிள்ளை தபால்காரனுக்காகக் காத்திருக்காது.

மாதா உன் கையைப் பிடித்து எழுத வைக்கட்டும்.

உன் அம்மா,
தெயோலிந்தா