முதலாளிக்கு வந்த சம்மனும் என் கையெழுத்தும்

செண்பகனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரின்ஸிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அந்த அயர்லாந்துக் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. மழை விட்டபாடில்லை, துணி காய்ந்து நாலு நாளாகிறது. போனில் சொன்னால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், அதனால்தான் எழுதுகிறேன், முழுசும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

வட்டக்கானல் கெஸ்ட் ஹவுஸில் பதினாலு வருஷம் ரூம் கூட்டித் துடைத்தவளை, யாரோ ஒரு கெஸ்ட்டின் கேமராவைக் காணோம் என்றதும் திருடி என்று வெளியே தள்ளினானே அந்த முதலாளி, அவன் மேல் மதுரை லேபர் கோர்ட்டில் போட்ட கேஸில் ஒரு வாய்தாவுக்கும் அவன் வரவில்லை. வராததால் வேலையைத் திரும்பக் கொடு என்று சித்திரையில் எனக்குத் தீர்ப்பானது, நீ அங்கே கேக் வெட்டினாய். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. திருடி என்று சொன்னவன் ஏன் சொன்னேன் என்று சொல்லக்கூட வரமாட்டானாம், அவ்வளவு இளக்காரம்.

இப்போது தனக்குச் சம்மனே வரவில்லை, தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று மனு போட்டிருக்கிறான். நம் வக்கீல் லாவண்யா சிரித்துக்கொண்டே, சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய தபால் அட்டை கோர்ட்டில் இருக்கிறது, மனு நிற்காது என்று நகலைக் காட்டியது. வாங்கிப் பார்த்தால், அது என் கையெழுத்து. வட்டக்கானல் வரை இறங்க வேண்டாமே என்று தபால்கார பாலு அண்ணன் கெஸ்ட் ஹவுஸ் ரிஜிஸ்தர் தபாலை எப்போதும் நம் வாசலிலேயே கொடுப்பார், நானும் கையெழுத்துப் போட்டு வேலைக்குப் போகையில் கொண்டுபோவேன். வேலை போன பிறகும் அவர் நீட்டினார், பழக்கதோஷத்தில் நானும் போட்டுத் தொலைத்தேன். கோர்ட் கவர் என்று பிறகுதான் பார்த்தேன். மறுநாள் வெள்ளனே நடந்துபோய் மேனேஜர் டெனிஸ் கையில் கொடுத்தேன், அவன் டிராயரில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன், அதோடு மறந்தும் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பா, யாரு கையெழுத்தப் படிக்கப் போறா, நீ சும்மா கெட, கெடச்சதக் கெடுத்துக்காத என்றார். நீயும் அதையேதான் சொல்லுவாய். ஆனால் என்றைக்காவது அந்த முதலாளி கண்டுபிடித்தால் கேமராவோடு சம்மனையும் திருடினாள் என்பான், அதற்கு நான் ஆள் இல்லை. லாவண்யாவிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, சொல்லித்தான் ஆகணும்க்கா, ஆனா தீர்ப்பு போயிரும் என்றது.

புதன்கிழமை கோர்ட்டில் நானே எழுந்து சொன்னேன். கேஸ் போட்டவளே சம்மனை வாங்கினால் அவனுக்குக் கிடைத்ததாக ஆகாது என்று தீர்ப்பை ரத்து செய்துவிட்டார் ஜட்ஜ். அவன் வக்கீல், மேனேஜரை அனுப்பலாமா என்று கேட்டதற்கு, குற்றம் சொன்னவரே பதினெட்டாம் தேதி நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆகவே வேலை இப்போது என் கையில் இல்லை, அழாதே. பதினாலு வருஷமும் அவன் வீட்டு அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் தொங்கியது. என் முகத்தைப் பார்த்துத் திருடி என்று அவன் சொல்லட்டும், நான் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள். பதினெட்டாம் தேதி காலையில் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன், அன்றைக்கு அவனுக்கு எதிரில் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அம்மா
இசபெல்லா