மூன்று மணியும் என் ஒரு வசனமும்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே காற்று, தூறல். ஜன்னல் திறக்கத் தடை. ஹால் சுவர் முழுக்க மகள் ஸ்டெல்லா வரைந்த படங்கள், நாற்பத்தெட்டு. காலேஜ் கடைசி வருடத்துக்கு மூன்று நிமிட அனிமேஷன். கதை, சுரங்கத்தில் நான் இறங்கிய முதல் ஷிப்ட். படத்தில் எனக்குத் தொப்பை இல்லை. நல்ல பெண்.

முதலில் இந்தப் படங்களை வரிசையாக ஓடவிட்டு, குரல் சேர்த்துக் காட்ட வேண்டுமாம். அனிமேட்டிக் என்று பெயர். வெள்ளிக்கிழமை காலேஜில் பார்ப்பார்கள். ஒரு நொடி கூடினாலும் திருப்பிவிடுவார்கள். திருப்பினால் ஒரு வருடம் போச்சு.

மேஸ்திரி குரல் நான். ஒரே வசனம்.

8, செவ்வாய்

எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் வேலைக்கு ரயில் ஏறியதுமே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் வாயில் எது தங்கும்?

தினமும் கூட வரும் செல்வராஜ்: "இன்னாப்பா, நீதான் ஹீரோவா?"

"கேரக்டர் ரோலு."

9, புதன்

வெளிச்சத்தம் பதிவாகாமல் இருக்கப் போர்வைக்குள் தலை, கையில் செல்போன். "பயப்படாதடா, பூமிக்குள்ளயும் நம்ம ஆளுங்கதான்." பதினோரு டேக்.

அடுப்படியிலிருந்து மேரி: "இன்னாங்க, சீக்கிரம் பேசி முடிங்க. உங்களுக்காகக் குக்கர ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்."

பிறகு ஸ்டெல்லா முழுசாக ஓட்டிக் காட்டினாள். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ், கதவு மூடியது, உடனே இறங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மணி எங்கம்மா?"

"இன்னா மணிப்பா?"

"ஆளு ஏறினா மூணு மணி அடிக்கணும். அடிக்காம கேஜ் எறங்காது."

"அதுக்கு நாலு செகண்டு வேணும்ப்பா. நான் எங்க போவேன்? ஏற்கெனவே ஃபுல்லு."

"மணி இல்லாம என்னை எறக்காதம்மா."

சொன்ன பிறகு வெட்கம். கார்ட்டூன்தானே.

10, வியாழன்

ஷேவ் செய்யும்போது யோசனை. வசனத்தைக் கடிகாரம் பார்த்துச் சொன்னேன். நாலு செகண்ட். கனைப்போடு ஐந்து.

"என் டயலாக்க தூக்கிடும்மா. மணி வை."

"நெஜமாவாப்பா? ட்ரெயின்ல ஊருக்கே சொல்லி வெச்சிருக்கியே!"

எப்படித் தெரிந்தது?

சாமான் அலமாரியில் மேரியின் கல்யாணச் சீர் பித்தளைச் சொம்பு. கரண்டியால் மூன்று அடி. ஒரே டேக்.

11, வெள்ளி

வெயில். மதியம் போன்: "ஓகே ஆயிடுச்சுப்பா! மணி அடிச்சதும் எல்லாரும் கப்சிப்." மற்ற குரல்களை எல்லாம் பிறகு எடுத்துவிட்டு, நடிகர்களைப் பேச வைப்பார்களாம். மணி மட்டும் அப்படியே இருக்குமாம்.

சாயங்கால ரயிலில் செல்வராஜ்: "இன்னா ரோலுன்னு சொல்லவே இல்லையே?"

"மணி."

பெட்டியே சிரித்தது. நானும்.

வீடு. சாமான் அலமாரியை யாரோ திறக்கும் சத்தம். சொம்பில் மூன்று நசுங்கல்.

"இன்னாங்க, இங்க வாங்க கொஞ்சம்."