ஒரு வருஷக் காண்ட்ராக்ட்

மொன்ட்ரியால்,
செவ்வாய்க்கிழமை, நவம்பர்

அன்புள்ள தம்பி அபிஷேக்குக்கு,

நாங்கள் மூன்று பேரும் இங்கே நலம். நீ நலமா என்று வழக்கம்போல எழுத வந்தேன். எழுதிய பிறகுதான் தெரிந்தது, இந்தத் தடவை அதற்கு நிஜமாகவே பதில் வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து நீ என் ஃபோனை எடுக்கவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் மாமா அனுப்பும் குப்பையோடு சேர்த்து இதையும் ஒரு விரலால் தள்ளிவிடுவாய் என்றுதான் இந்த மின்னஞ்சல். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உன் தோளில் கை போட்டுக்கொண்டு திரியும் அந்த வடநாட்டு சீனியர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியக் கூடாது. திட்டாமல் எழுது என்று உன் அத்தான் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். முயற்சி செய்கிறேன். நடுவில் எழுந்து போகாமல் கடைசிவரை படி.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹம்சினிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. பகலெல்லாம் கீழ்வீட்டு லரிஸாவிடம்தான் இருக்கிறாள். லரிஸா ருஷ்யக்காரி. நாலைந்து பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். இங்கே அதற்குக் கார்தெரி என்று பெயர். ஸ்னோடன் மெட்ரோ பக்கம் எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேல் ருஷ்யர்கள்தான். படிக்கட்டு முழுக்க முட்டைக்கோஸ் வேகிற வாசனை. டாக்டருக்குப் படிக்கப் போன நீ அங்கே அவர்கள் நடுவில், நான் இங்கே அவர்கள் நடுவில். மகளைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்தாலும் அவளும் ருஷ்யாவில்தான் குடியிருக்கிறாள் என்று அம்மா பாளையங்கோட்டையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாளாம்.

போன மாதம் இங்கே பக்கத்து ஊர் லொங்குய்யில் இருக்கும் மணிவாசகம் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். மாமா ஆசையாக முறுக்கு வேணுமா என்று ஹம்சினியைக் கேட்டார். அவள் "டா" என்றாள். ருஷ்ய மொழியில் அது "ஆமாம்" என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. இன்னொன்று வேணுமா என்றார். "டா, டா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். எழுபது வயசுக்காரனை இந்த நண்டு டா போட்டுப் பேசுதே என்று அத்தையைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். நான் விளக்கினேன். காதில் வாங்கினால்தானே. அன்று சாயங்காலமே இங்குள்ள தமிழ்க் குழுவில் அவருடைய குரல் பதிவு வந்தது. ருஷ்யர்கள் நடத்தும் கார்தெரிகளில் பெரியவர்களை மதிக்காமலிருக்க நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம், இதற்குப் பின்னால் ஓர் அரசாங்கமே இருக்கிறதாம். இரண்டே நாளில் அது டொரன்டோ போய், பின்னணி இசை சேர்ந்து, என் ஃபோனுக்கே திரும்பி வந்தது. என் பிள்ளை இரண்டு முறுக்கு கேட்டது சர்வதேசச் சதியாகிவிட்டது.

மனுஷர் முப்பது வருடம் பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர். ஒரு தூணுக்கு மூன்று தரம் கணக்குப் போட்டவர், ஒரு வீடியோவுக்கு அரைத் தரம்கூட யோசிப்பதில்லை. அவருக்குச் செய்தி சொல்கிற யூடியூப் மேதாவிகளையும் பார்த்திருப்பாய். கோட் போட்டுக்கொண்டு, பின்னால் உலக வரைபடத்தில் சிவப்பு அம்புக்குறி பாய விட்டுக்கொண்டு, நாளைக் காலை உலகப்போர் என்று போன வருஷத்திலிருந்து சொல்கிறார்கள். அந்த நாளைக் காலை இன்னும் விடியவில்லை. ருஷ்யாவில் படிக்கிற நம் பிள்ளைகளையெல்லாம் பிடித்துப் பட்டாளத்தில் போடுகிறார்கள் என்று மாமா ஒரு படம் அனுப்பினாரே, பனியில் வரிசையாக நிற்கும் பையன்கள். அது ஏதோ ஒரு கல்லூரி விளையாட்டு விழா என்று கண்டுபிடித்தது நீதான். அதற்கு "மாமா டிவி" என்று பெயர் வைத்ததும் நீதான். எத்தனை நாள் அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

நீ மட்டும் என்ன, போன ஜனவரியில் அங்கிருந்து ஒன்று அனுப்பினாய். கனடாவில் ஹீட்டர் போட வழியில்லாமல் ஜனங்கள் விறைத்துக் கிடக்கிறார்களாம், ரொட்டிக் கடையில் வரிசையாம். அதைப் படிக்கும்போது இந்தக் கட்டடத்து ஹீட்டர் சூடு தாங்காமல் நான் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். இதே கதையை நம்பி லரிஸாவின் சித்தி ஊரிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாளாம், பட்டினியா கிடக்கிறீர்கள் என்று. லரிஸா கேமராவைத் திருப்பித் தன் ஃப்ரிட்ஜைக் காட்டியிருக்கிறாள். அது வாடகைக்கு எடுத்த ஃப்ரிட்ஜ், உன்னைச் சொல்லச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்று சித்தி இன்னும் அதிகமாக அழுதாளாம். மாமாவுக்கும் அந்தச் சித்திக்கும் பொருத்தம் பார்க்கலாம் என்றேன். லரிஸா சிரித்த சிரிப்பில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் எழுந்துவிட்டன.

இப்படி எல்லாவற்றையும் எள்ளி எள்ளியே நம் இருவருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது. எவன் என்ன சொன்னாலும் மாமா டிவி. அந்தப் பழக்கத்தில் இனி நான் சொல்லப்போவதையும் நீ மாமா டிவி என்று தள்ளிவிடக் கூடாது.

போன வியாழக்கிழமை நீ ஃபோனில் சொன்னாய், ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது, சீனியர் ஏற்பாடு செய்கிறான், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கையெழுத்து, அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்று. படிப்பு என்னாவது என்று கேட்டதற்கு, "ஒரு வருஷக் காண்ட்ராக்ட்தான்க்கா. பிடிக்கலேன்னா விட்டுட்டு வந்துரலாம்" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் ஊரில் காண்ட்ராக்ட் வேலை என்றால் என்ன? நிரந்தரமில்லாத வேலை. மின்வாரியத்தில் நம் சித்தப்பா காண்ட்ராக்டில் இருந்தார், கோபம் வந்தால் நாளையிலிருந்து வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொள்வார். அதிலே கட்டுப்பாடு கிடையாது என்பதுதானே அதன் லட்சணம். சட்டை அளவும் கால் அளவும் எடுத்தார்கள், பூட்ஸ் இலவசம் என்று நீ சொன்னபோது, அந்தக் குளிரில் பூட்ஸாவது கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்ட மடச்சி நான்.

மறுநாள் ஹம்சினியை அழைத்துவரப் போனபோது லரிஸாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவளும் நானும் பேசுவது பாதி ஆங்கிலம், கால்வாசி பிரெஞ்சு, மிச்சம் கையசைவு. அதனால் "காண்ட்ராக்ட்" என்ற சொல்லை நம் ஊர் மாதிரியே சொன்னேன். அவர்கள் மொழியிலும் அது கிட்டத்தட்ட அதே ஒலிதான். லரிஸா ஒரு பிள்ளையின் மேல்சட்டைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. உள்ளே போய்த் தன் கணவன் அன்டனை அழைத்துவந்தாள்.

அன்டன் அதிகம் பேசாதவர். கையெழுத்து எங்கே போடப் போகிறான் என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலா? எனக்குத் தெரியவில்லை. அளவெடுத்தது ஏதோ அரசாங்க அலுவலகம், ஆண்கள் வரிசை, டீ கொடுத்தார்கள் என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு விளக்கினார். அங்கே ஆஸ்பத்திரியிலோ கடையிலோ சேர்ந்தவனை வேலையில் சேர்ந்தான் என்றுதான் சொல்வார்களாம். இந்தச் சில வருஷமாக ஒரு பையன் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டான் என்று ஒருவர் சொன்னால், எங்கே என்று இன்னொருவர் கேட்பதே இல்லையாம். கேட்க வேண்டிய அவசியமில்லை. அதற்கு ஒரே ஓர் இடம்தான், பட்டாளம்.

அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பையன் படம் ஒட்டியிருக்கும். மகன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்டனின் அக்கா மகனாம். அவனுக்கு டிரைவர் வேலை என்று சொன்னார்களாம், ஒரு வருஷம் என்று சொன்னார்களாம். வருஷம் முடிந்தும் அவனை வெளியே விடவில்லை, காகிதத்தில் அப்படி விட வழியே இல்லையாம். இப்போது அவனிடமிருந்து தகவல் வருவதில்லை. இதை அன்டன் குரலை உயர்த்தாமல் சொன்னார். பின்னால் இசை இல்லை, அம்புக்குறி இல்லை. இதை நாலு பேருக்கு அனுப்புங்கள் என்றும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னதே லரிஸாவுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அவர்கள் நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள், அப்படித்தான் பேசுவார்கள் என்பாய். நானும் யோசித்தேன். அன்டன் சொன்னதை உன் சீனியர் சொன்னதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்டன் என்னிடம் எதையும் வாங்கவில்லை. சீனியருக்கு உன் கையெழுத்து வேண்டும். அந்தச் சவத்துப்பயல் தானே ஏன் அந்த வேலையில் சேரவில்லை? அவ்வளவு நல்ல ஆஸ்பத்திரியின் பெயர் என்ன? விட்டுவிட்டு வரலாம் என்றால், எந்த அறையில் யாரிடம் சொல்லிவிட்டு வருவது? இந்த மூன்றையும் அவனிடம் கேட்டுப் பார். கேட்டதும் முகத்தை மட்டும் பார், பேச்சைக் கேட்காதே. நன்றாகப் பேசுகிறவனாகத்தான் இருப்பான். படித்த பிள்ளைகளைப் பிடிக்கப் பேசத் தெரிந்தவனைத்தானே அனுப்புவார்கள்.

இன்னொரு விஷயம். நேற்று எனக்கு யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது, வேறு வழியில்லாமல் மாமாவைக் கூப்பிட்டேன். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பிப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டியதுதான் என்று இருந்தேன். அவரோ, "பாஸ்போர்ட் அவன் கையில இருக்கா, அந்தப் பய கையிலயா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை, அபி. இன்று காலையிலிருந்து குழுவைத் திறந்து திறந்து பார்க்கிறேன். உன்னைப் பற்றி ஒரு வரிகூட அவர் போடவில்லை. எதுவுமே போடவில்லை. நாள் தவறாமல் காலை வணக்கத்தோடு ஒரு கண்டமாவது அழியும் அந்தக் குழுவில் இன்று வெறும் கொத்தமல்லி விலையைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கப் போவதில்லை. போன பரீட்சை முடிவு வந்ததா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நீ கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போவதை நானும் பார்க்கிறேன். நான் உன் அக்கா, எனக்குப் புரியாதா. அதற்காக நீ எந்த வேலையும் பார்த்து யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். டாக்டராக வரவில்லையென்றால் டாக்டர் இல்லாமல் வா. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஊரில் நாலு பேர் நாலு மாதம் பேசுவார்கள், பிறகு அவர்களுக்கு வேறொரு வீட்டுப் பிள்ளை கிடைக்கும்.

லரிஸாவோடு பள்ளியில் படித்தவள் ஒருத்தி நீ இருக்கும் ஊரிலேயே இருக்கிறாள். லரிஸா அவளிடம் பேசிவிட்டாள். வீட்டுக்கு வரச் சொன்னாளாம், தூதரகத்துக்குப் போக நீ ரயில் ஏறும்வரை கூட இருப்பாளாம். முகவரி தனியாக அனுப்பியிருக்கிறேன். பாஸ்போர்ட் உன் கையில் இருந்தால் இன்றே போ. இல்லையென்றால் அவனிடம் சண்டை போடாதே, அவன் எதிரில் ஒன்றும் தெரியாதவன் போல இரு, வாட்ஸப்பில் எனக்கு ஒரு புள்ளி மட்டும் அனுப்பு, புரிந்துகொள்கிறேன். இந்தியத் தூதரகத்தில் யாரைப் பிடிப்பது என்று மாமாவும் அத்தானும் விசாரித்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே இன்று முதல் பனி. சாயங்காலம் ஹம்சினியை வெளியே கூட்டிப்போகப் புது பூட்ஸை எடுத்தோம். அவளுக்கு "டா"வைவிட மாட்டேன் என்கிற "நியெத்" இன்னும் நன்றாக வருகிறது. நியெத் என்று சொல்லிவிட்டுக் கால்விரல் பத்தையும் மடக்கிக்கொண்டாள். அத்தான் கெஞ்சினார், நான் மிரட்டினேன், லரிஸா பாட்டுப் பாடினாள், அன்டன் மண்டியிட்டுப் பார்த்தார். மூன்று வயதுப் பிள்ளையின் காலை நாலு பெரியவர்கள் சேர்ந்தும் உள்ளே நுழைக்க முடியவில்லை. இந்த வெள்ளிக்கிழமை உன் கால் அளவுக்கு ஒரு ஜோடி எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். உன் மருமகளை நினைத்துக்கொள், தம்பி. விரலை மடக்கிக்கொள். அந்த ஒரு வார்த்தை போதும், அதற்கு இலக்கணம்கூட வேண்டாம்.

நெல்லையப்பர் உன் கூடவே நிற்கட்டும். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஃபோனை எடு.

உன்னைத் திட்டாமல் எழுதி முடித்திருக்கும்,
உன் அக்கா
அனுசூயா