எலும்புக்குள் இருக்கும் ஞாபகம்

கோபிசெட்டிபாளையம்
ஆவணி கடைசி வெள்ளி, 1997

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று பாரியூர் அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதியே பழகிவிட்டது, இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லலாம் என்றால் எஸ்.டி.டி. பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைச் சாத்தினாலும் காதை இந்தப் பக்கமே வைத்திருக்கிறார், நம் வீட்டுச் செய்தி நமக்கு முன்னால் கடைவீதிக்குப் போய்விடுகிறது. அதனால் பதறாமல் உட்கார்ந்து படி. உன் கிட்னி எனக்கு ஆகாதாம். ஆடியில் நீ லீவில் வந்தபோது உன்னிடம் எடுத்த ரத்தத்தையும் என்னுடையதையும் மெட்ராஸுக்கு அனுப்பிக் கலந்து பார்த்தார்கள் அல்லவா, என் ரத்தம் உன் அணுக்களைக் கொன்றுவிட்டதாம். டாக்டர் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். மீறி வைத்தால் ஆபரேஷன் மேசையிலேயே உன் கிட்னி கறுத்துப்போகும் என்றார். நீ டிக்கெட் போட்டுவிடாதே.

குரூப் ஒன்றுதானே, பெற்ற மகள்தானே, அப்புறம் என்ன என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். பெற்றதுதான் காரணம் என்கிறார்கள் அம்மணி. பிள்ளை பிறக்கும்போது அதன் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுமாம். பிள்ளையில் பாதி தாய், பாதி தகப்பன். அந்தத் தகப்பன் பாதியைக் கண்டதும், இது நம்முடையது இல்லையே என்று உடம்பில் காவல் இருக்கிற அணுக்கள் பெருகிச் சண்டைக்குக் கிளம்புமாம். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகும். மிஞ்சுகிற கொஞ்சம், பார்த்ததை மறக்காமல் மண்ணீரலுக்குள்ளும் நெறி கட்டுகிற இடங்களிலும் எலும்பு மஜ்ஜைக்குள்ளும் போய்க் குடியிருந்துவிடும். தட்டம்மை ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராமல் காப்பதும் இதே வகையறாதானாம், அதனால் இதைக் கெட்டது என்று திட்டவும் வழியில்லை. நம் வாழைத் தோட்டத்துக் கோரையை நீ பார்த்திருக்கிறாய். மேலே எவ்வளவு பிடுங்கிப் போட்டாலும் அடியில் கிழங்கு கிடக்கும், தண்ணீர் பட்டால் மறுவாரமே தலைகாட்டும். அப்படித்தான் என்று நான் புரிந்துகொண்டேன். உனக்கு முன்னால் வயிற்றில் தங்காமல் போனவையும் தங்கள் பங்குக்கு எதையோ விட்டுவிட்டுத்தான் போயிருக்கின்றன.

அந்தக் கோரைக்குத் தண்ணீர் பாய்ச்சியது யார் என்பதுதான் இந்த வீட்டில் இப்போது பெரிய துக்கம். போன வருஷம் டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ரத்தம் குறைந்துகொண்டே வந்தது உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் உங்கப்பாதான் கொடுத்தார். வெளியிலிருந்து வாங்கலாம் என்று நர்ஸ் சொன்னதற்கு, யாருடையதோ எதற்கு என்று முகத்தைச் சுளித்தார். நான் அவருக்குச் சொந்த மாமன் மகள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், வீட்டு ரத்தம் இருக்கும்போது ஊரார் ரத்தம் எதற்கு என்று அவருக்கு ஒரு பெருமை. கொடுத்துவிட்டு வந்து, கை மடக்கில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே என் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். எனக்கும் அதில் பெருமையாகத்தான் இருந்தது. அங்கே இருந்தவர்கள் யாரும் தடுக்கவில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்டார்கள். யார் ரத்தமும் கொஞ்சம் கெடுதல் செய்யக்கூடும், ஆனால் மகள் கிட்னி கொடுப்பதாக இருந்தால் அந்த மகளின் தகப்பன் ரத்தத்தை ஏற்றியிருக்கவே கூடாது என்று இப்போது புது டாக்டர் சொல்கிறார். சொந்தத்தில் கட்டினாலும் ரத்தம் ஒன்றாகிவிடாதாம். உன் பிரசவத்தில் பார்த்த அதே பாதியைப் பாட்டில் பாட்டிலாகத் திருப்பிக் காட்டியிருக்கிறோம், தூங்கிக் கிடந்ததெல்லாம் எழுந்துகொண்டது. பக்கத்துக் கட்டில் கனகம் டீச்சர் கல்யாணம் ஆகாதவள், யார் யாரோ கொடுத்ததை ஏற்றிக்கொண்டாள். அவளுக்கு அவள் தம்பியின் கிட்னி பொருந்திவிட்டது, தையில் ஆபரேஷன். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் ஆரஞ்சு வாங்கிக்கொடுத்து நல்லபடியாக வா என்று சொன்னேன்.

டாக்டர் இதைச் சொன்னபோது உங்கப்பாவும் கூடவே இருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதை எலும்பிலிருந்து கழுவி எடுத்துவிட முடியாதா என்று. அங்கே போய் ஒளிந்திருப்பதை விரட்ட இன்றைக்கு மருந்து இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து காந்திபுரம் வந்து கோபி பஸ் ஏறினோம், அவிநாசியில் யாரோ தெரிந்தவர் ஏறிப் பேச்சுக் கொடுத்தும் தலையை மட்டும் ஆட்டினார். போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மறுபடி ஒரு பாட்டில் ரத்தம் வேண்டும் என்றார்கள். கேட்டதும் பழக்கத்தில் எழுந்து சட்டைக் கையை மடக்கிவிட்டார். பாதியில் ஞாபகம் வந்து, மடக்கியதை மெதுவாகப் பிரித்து இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து அழுததுபோல இந்த வியாதியில் நான் வேறு எதற்கும் அழுததில்லை. யாரோ ஒரு காலேஜ் பையன் கொடுத்த ரத்தம் எனக்கு ஏறிக்கொண்டிருந்தது, இவர் எட்டி நின்றார். பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்றதற்கு, "உன்னைத் தொடறதுக்கே பயமா இருக்குது புள்ளை, நானே உன்னைக் கொன்னுபோட்டனே" என்றார். "ஏனுங்க, மொதல்ல ஞாபகம் வெச்சது என்ற ஒடம்புங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றேன். அவருக்கு அது ஏறவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தோட்டத்துப் பக்கம் போவதில்லை, வாழைக்குத் தண்ணீர் கட்டவும் வேலைக்கு வருகிற நஞ்சம்மாள்தான் போகிறாள். அவருக்கு நீ தனியாக ஒரு கடிதம் போடு கண்ணு. கிட்னி, ரத்தம் என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. மாப்பிள்ளை வேலை, அங்கத்து வெயில், என்ன சமைத்தாய் என்று எழுது. அப்பா என்று நாலு இடத்தில் எழுது.

என்னைப் பற்றி மறைக்கவில்லை. டயாலிசிஸுக்காகக் கையில் வைத்த ஊசிக் குழாய் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது, மூச்சு வாங்குகிறது, ரொம்ப நாள் ஓடாது என்று எனக்கே தெரிகிறது. பயமாகத்தான் இருக்கிறது. நீ அங்கே உப்பைக் குறைத்துக்கொள், தலைவலி என்று சும்மா சும்மா மாத்திரை போடாதே. அம்மாவுக்குக் கிட்னி கொடுத்த பிறகுதான் பிள்ளை என்று மாப்பிள்ளையிடம் சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறாயாம், அவர் அம்மா என்னிடம் சொன்னார், குறையாக அல்ல. இனிமேல் தள்ளிப்போடாதே. பிள்ளை பெற்றதால் உடம்பு என்ன செய்யும் என்று தெரிந்துகொண்ட பிறகும்தான் சொல்கிறேன். இத்தனை வருஷமாக உன்னை மறக்காமல் எலும்புக்குள் வைத்திருந்திருக்கிறேன், அது இப்படி ஒரு ஞாபகமாக இருக்கும் என்று மட்டும் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தாலும் உன்னைப் பெற்றுத்தான் இருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை குட்டியோடு நிறைந்து வாழ வேண்டும். அப்பாவுக்குக் கடிதம், மறந்துவிடாதே.

உன் அம்மா
பாவாத்தாள்