பனியன் துணி

குன்னூர்
10.6.2024

அன்பு மகள் ஃபர்ஹீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நாம் இருவரும் கத்துகிறோம். ஆகவே எழுதுகிறேன்.

மார்பு ஆபரேஷனுக்குப் பெற்ற தாய் வரவில்லை என்று நீ சொல்லிக்காட்டியது நியாயம்தான். பதிவு அலுவலகத்தில் நீ தேயிலை பறிக்கிற அந்த எஸ்டேட்காரி மகனோடு கையெழுத்துப் போட்ட அன்று, உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் நான். சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லை.

நீ அனுப்பிய பனியன் துணியில் இரண்டு உள்சட்டை தைத்து இத்துடன் அனுப்புகிறேன். அங்குலத்துக்குப் பதினான்கு தையல். நான் தையல் படித்த கான்வென்டில் சிஸ்டர் பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவார். இதை எண்ணினாலும் குறை சொல்ல முடியாது. கழுத்துக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன்.

இங்கே ஓயாத மழை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
மஜீதா


கோயம்புத்தூர்
15.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உள்சட்டைகள் வந்தன. தையல் அழகாக இருக்கிறது, ஆனால் போட முடியவில்லை. என் இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. கழுத்தை அகலமாக இழுத்துக் கையை முதலில் விட்டு, பிறகு தலையை நுழைக்க வேண்டும். இழுத்ததும் நூல் பட்பட்டென்று அறுந்துவிட்டது. மற்றொன்றில் ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை விழுந்து, துவைத்ததும் ஓட்டை நீளமாக ஓடிவிட்டது.

சுரேந்திரன் பனியன் கம்பெனியில் இருப்பவர் அல்லவா, உங்களிடம் சொல்லச் சொன்னார்: முனை மழுங்கிய ஊசி, பாலியஸ்டர் நூல், நீளமான தையல். துணியைப் பின்னாலிருந்து இழுக்கக் கூடாதாம். அடியில் செய்தித்தாள் துண்டு வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுத்தால் மெஷின் பல்லில் சிக்காதாம். கழுத்தை மட்டும் லேசாக நீட்டிப் பிடித்துத் தைக்க வேண்டுமாம்.

உள்சட்டை கிடக்கட்டும் அம்மா. 24ஆம் தேதி கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, ஆரம்பிக்கிறார்கள். ஐந்து வாரம். அவர் வேலைக்குப் போய்விட்டால் என்னைக் குளிப்பாட்ட ஆளில்லை. ஒரு பத்து நாள் வாருங்கள். "அம்மா வீட்டுக்குள்ள இருக்கட்டும், நான் மொட்டமாடியில படுத்துக்கிறேன். அவங்க கண்ணுலயே பட மாட்டேன்" என்கிறார். வேறென்ன சொல்ல வேண்டும் அவர்?

உங்கள்
ஃபர்ஹீன்


குன்னூர்
22.6.2024

அன்பு மகளுக்கு,

ஸலாம். மார்க்கெட்டில் அயூப் கடைக்குப் போய் என் ஊசியைக் காட்டினேன். "ஏனுங்கம்மா, இந்த ஊசியிலயா பனியன் தெச்சீங்க? கோணிச் சாக்குல்ல தெக்கோணும் இதுல!" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான். அவன் அத்தாவுக்கு அளவு நாடா பிடிக்கக் கற்றுக்கொடுத்தது உன் அத்தா. அதை அவனுக்கு நினைவுபடுத்திவிட்டு, ஊசியை வாங்கி வந்தேன்.

உன் வீட்டுக்காரர் சொன்ன முறை சரியாகவே இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

வருகிறேன். ஆனால் ஒழுங்கான ஆறு உருப்படி கையில் இல்லாமல் வர மாட்டேன். மட்டமான வேலையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது.

அம்மா


கோயம்புத்தூர்
6.7.2024

அம்மா,

பத்துத் தடவை முடிந்தது. தோல் கறுத்துவிட்டது. அக்குளில் உரிகிறது. எந்தத் துணி பட்டாலும் எரிகிறது. எப்போது வருகிறீர்கள்? ஆறு வேண்டாம், இருப்பது போதும். ஒன்றும் இல்லாவிட்டாலும் வாருங்கள்.

ஃபர்ஹீன்


குன்னூர்
12.7.2024

அன்பு மகளுக்கு,

ஸலாம். தோள் தையல் அலை அலையாக வருகிறது. மூன்றைப் பிரித்துவிட்டேன். எரிகிற உடம்பில் கோணல் தையல் உறுத்தாதா? இன்னும் ஒரு வாரம் பொறு. இளநீர் குடி.

அம்மா


குன்னூர்
23.7.2024

அன்பு மகளுக்கு,

ஸலாம். ஆறும் முடிந்தன. கழுத்தை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட அறவில்லை. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ். உன் வீட்டுக்காரரை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பலாம். அவரிடம் நான் பேசுவேன்.

உன் அம்மா,
மஜீதா


கோயம்புத்தூர்
26.7.2024

அம்மா,

கரண்ட் இன்றோடு முடிந்தது. திங்கட்கிழமை வர வேண்டாம். கடிதம் முந்திக்கொண்டு சேரட்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

இந்த ஐந்து வாரமும் என்னைக் குளிப்பாட்டியது சின்னம்மை மாமி. சுரேந்திரனுடைய அம்மா. பந்தலூர் எஸ்டேட்டில் லீவு தரவில்லை. வேலையே வேண்டாம் என்று வந்துவிட்டார். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான் எழுதவில்லை. நீங்கள் வந்தால் அக்கம்பக்கத்தில் எங்காவது இருந்துகொள்கிறேன் என்றுகூடச் சொன்னார்.

வந்த அன்றே என்னைப் பார்த்தார். மகனுடைய பழைய பனியனை எடுத்து, முன்பக்கம் மேலிருந்து கீழே கத்தரியால் நறுக்கினார்.

"ஓரம் மடிச்சுத் தைக்க வேணாமா மாமி?"

"இது பிரியாது புள்ள. தையல் பட்டாத்தானே ஒனக்கு எரியும்? கைய விடு, கோட்டு மாதிரி மாட்டிக்க."

அவ்வளவுதான். ஐந்து வாரமும் அதைத்தான் போட்டுக்கொண்டேன். என் மார்பு இருந்த இடத்தில் தினமும் மருந்து தடவினார். ஒரு நாளும் முகத்தைத் திருப்பவில்லை.

நீங்கள் வந்தால் தையலைக் காட்டுவீர்கள். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை அம்மா. இனி எழுதவும் வேண்டாம்.

ஃபர்ஹீன்


குன்னூர்
30.7.2024

ஃபர்ஹீனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. இருந்தும் திங்கட்கிழமை பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம்வரை வந்து, இறங்கித் திரும்பிவிட்டேன்.

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள்.

ஜூலை முதல் வாரத்திலேயே ஆறும் சரியாக வந்துவிட்டன. தோல் உரிகிறது என்ற உன் கடிதம் வந்தபோது மடித்து மேஜைமேல் இருந்தன. தோள் தையலில் அலை எதுவும் இல்லை. நல்ல தையலைத்தான் பிரித்தேன். தைத்தேன், மறுபடியும் பிரித்தேன்.

உன் அத்தாவின் கடைசி மாதத்தில் அவர் புண்ணைக் கழுவியது நான். அதே கையால் உன் உடம்பைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் உன் வீட்டுக்காரரைச் சாக்காகச் சொன்னேன். அவர் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன் என்றதும், தையலைச் சொன்னேன்.

சின்னம்மை அவர்களிடம் நான் விசாரித்ததாக ஒன்றும் சொல்ல வேண்டாம். அதற்கு எனக்கு முகமில்லை.

மஜீதா