சுவரில் அடைத்த வாசல்

கிள்ளான்,
வெள்ளிக்கிழமை

தங்கச்சிக்கு,

அக்கா அடுத்த வீட்டுக்குத் தபால் போடுகிறாள் என்று தபால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ரோட்டை அகலப்படுத்தும்போது நம் தெருவின் பழைய செங்கல் வீடுகளை இடிக்காமல் விட டவுன் போர்டு ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த எல்லை என் வீட்டோடு முடிகிறது. உன் வீட்டிலிருந்து பாசார் சந்தை வரை எல்லாம் போய்விடும். எல்லையை நீட்டச் சொல்லித் தெருவே மனு கொடுத்திருக்கிறது. துணிக்கடை கௌஸ் ராவுத்தர் சீனர் வீடுகளுக்கும் நடந்து கையெழுத்து வாங்கினார். முதல் பெயர் என்னுடையது என்பதால் நீ மட்டும் போடவில்லை. அது இருக்கட்டும்.

நேற்று டவுன் போர்டு வெள்ளைக்காரத் துரை பார்க்க வந்தார். "அந்தப் பக்கம் வேற கட்டடம்மா" என்றார் கணக்கெழுதக் கூட வந்த கிராணி.

"எங்கப்பா ஒண்ணா கட்டின வீடுங்க. நடுவுல வாசல் இருக்கு" என்றேன்.

"எங்கே?"

சுவரைக் காட்டினேன். வெறும் சுண்ணாம்புச் சுவர்தான் இருந்தது. அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாள் நாம் அடைத்த வாசல் அது.

இன்று கொத்தனாரை வைத்து அந்தச் செங்கல்லையெல்லாம் எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டிருக்கும். திறப்புக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அலமாரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

திங்கட்கிழமை துரை மறுபடி வருகிறார். என் வீட்டில் நுழைந்து உன் வீட்டு வழியாக வெளியே போனால்தான் இரண்டும் ஒரே கட்டடம் என்று நம்புவார்.

அலமாரியை நான் கேட்கவில்லை. அது உன்னிடமே இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி வை, போதும்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும்
உன் அக்கா