விண்கப்பல் காலியாகத் திரும்பக் கூடாது

7 செப்டம்பர் 1987, திங்கள்

காலையிலிருந்து மழை. பிடோக் பஸ் முனையத்தில் குடை முறிந்தது. நனைந்தபடியே ஆபீஸ். அங்கே ஏர்கான் வேறு. நாள் முழுக்கத் தும்மல்.

மாலை சமூக நிலையம். எங்கள் அறை: ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு போன் லைன், இரண்டு நாற்காலி. நானும் ஆபீஸ் நண்பன் சேகரும் எழுதிய விண்வெளி விளையாட்டு இங்கேதான் ஓடுகிறது. மோடம் இருப்பவர்கள் வீட்டிலிருந்து போன் போட்டு ஆடலாம். ஒருவர் போனை வைத்தால்தான் அடுத்தவருக்கு லைன். கிரகம் பிடி, படை கட்டு, பக்கத்துக் கிரகத்தை அடி. வருவதெல்லாம் பாலிடெக்னிக் பையன்கள். என்றைக்கும் அதே பையன்கள்.

செயலாளர் மாணிக்கம் கதவில் சாய்ந்தபடி சொன்னார்: "ஜெஸி, நீங்க நல்லாத்தான் செய்றீங்க லா. ஆனா நம்ம பிளாக் ஆளுங்க யாரும் வர்றதில்லையே. மாசக் கடைசில கமிட்டி மீட்டிங். இந்த ரூமைப் பிங்பாங்குக்குக் கேக்குறாங்க."

எரிச்சல். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல்.

சேகரிடம், "எல்லாரும் ஆடற மாதிரி மாத்தணும்" என்றேன். "சண்டை இல்லாம என்ன ஸ்பேஸ் கேம்? ஏர்போர்ட் மாதிரி சும்மா வந்து போறதுக்கா?" என்றான். பீரங்கிப் பகுதி முழுக்க அவன் எழுதியது. ரோஷம் வராமல் இருக்குமா?

10 செப்டம்பர், வியாழன்

பக்கத்து அறையில் கேக் வகுப்பு. கேக் அடுப்பு பழுதாகிப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டேன். மூன்று பேர் வந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மலாய் அத்தை ஸஹாரா மக்சிக், மிஸஸ் லிம், கீழ் மாடி பார்வதி அக்கா.

அக்காவுக்கு ஒரு கிரகம் கொடுத்தேன். 'பார்வதிபுரம்' என்று பெயர் வைத்துக்கொண்டார். மக்சிக்கும் மிஸஸ் லிம்மும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, இடையில் போனில் வந்த ஒரு பையன் அதைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போய்விட்டான்.

"நான் என்னா செஞ்சேன் இவனுக்கு?" அக்காவுக்கு நிஜமாகவே முகம் வாடிவிட்டது. "அடிச்சுக்கிறதைப் பாக்கணும்னா என் வீட்டிலயே ரெண்டு பேர் இருக்கானுங்க. நான் போறேன்மா."

மூவரும் போனார்கள். சேகர் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

13 செப்டம்பர், ஞாயிறு

காலையில் தேவாலயத்தில் பூசை. மனம் பிரசங்கத்தில் இல்லை, பிங்பாங் மேசையில் இருந்தது. பிறகு அம்மாவோடு தேக்கா சந்தை. மீன், முருங்கைக்காய், வாழைப்பழம். சிராங்கூன் ரோட்டில் நடக்க இடமில்லை. எனக்குச் செருப்புக் கடி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மக்சிக்கின் தட்டை எடுத்தார். வெள்ளிக்கிழமை குவே பலகாரம் கொடுத்தனுப்பிய தட்டு. கழுவித் துடைத்து, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து, "குடுத்துட்டு வா. வெறுந்தட்டா குடுத்தா என்ன நெனைப்பாங்க?" என்றார்.

தட்டோடு நடைபாதையில் நிற்கும்போது தோன்றியது. கப்பல்! சரக்கோடு வரும் கப்பல் வெறுமனே திரும்பக் கூடாது. அவ்வளவுதான் விதி. இது இந்த பிளாக்கில் எந்த வீட்டுக்கும் தெரிந்த விதி. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மக்சிக் கதவைத் திறந்தபோது நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ.

அம்மா பின்னாலிருந்து: "பார்வதியோட தூக்குச்சட்டியும் கெடக்கு பாரு. அதுலயும் ஏதாச்சும் போட்டுக் குடுத்துடு." சரி சரி என்றேன்.

15 செப்டம்பர், செவ்வாய்

சரக்குக் கப்பல் எழுதி முடித்தாயிற்று. ஒரு கிரகம் பண்டம் அனுப்பினால், வாங்கிய கிரகம் தானாகவே ஏதாவது ஒன்றை ஏற்றித் திருப்பி அனுப்பும்.

சேகர்: "இது கேம் இல்ல, கல்யாணச் சீர்." திட்டிக்கொண்டே என் நிரலில் இரண்டு தப்பைத் திருத்தினான். அவன் அப்படித்தான். காப்பி அவன் செலவு.

17 செப்டம்பர், வியாழன்

கெஞ்சிக் கூத்தாடி மூவரையும் மறுபடி அழைத்து வந்தேன். மக்சிக் தன் கிரகத்திலிருந்து மிஸஸ் லிம் கிரகத்துக்கு முதல் கப்பல் அனுப்பினார். எல்லோருக்கும் குஷி. மிஸஸ் லிம் கை தட்டினார். பிறகு திரை அசையவே இல்லை.

எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை. போன் லைனும் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மாணிக்கம் உள்ளே வந்தார்.

சேகர் நிரலை அச்சடித்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திரும்பி வரும் கப்பலும் சரக்கோடுதானே வருகிறது? அதையும் வெறுமனே அனுப்பக் கூடாது. அதனால் மக்சிக் கிரகம் மறுபடி நிரப்புகிறது, மிஸஸ் லிம் கிரகம் மறுபடி நிரப்புகிறது. முடிவே கிடையாது.

"யாராச்சும் ஒருத்தர் போதும்னு சொல்லணும் லா!" என்றான்.

"எங்க சொல்றது?" என்றார் பார்வதி அக்கா. "எங்க வீட்டு ஃபிரிட்ஜும் இப்படித்தான் ரொம்பிக் கெடக்கு."

வெட்கம். ஆனால் மாணிக்கமும் சிரித்தார். அது கொஞ்சம் தெம்பு.

18 செப்டம்பர், வெள்ளி

திருத்தியாயிற்று. தானாக நிரப்பாது. திருப்பி அனுப்புபவரே பார்த்து ஏற்ற வேண்டும். மறந்தால் கப்பல் காலியாகப் போகும். யார் மறக்கப் போகிறார்கள்?

22 செப்டம்பர், செவ்வாய்

மாணிக்கம் நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும் கொண்டுவந்தார். "கமிட்டில குடும்ப விளையாட்டுன்னு சொல்லிடறேன். ஆனா அந்தக் குண்டு போடறதை எடுத்துடுங்க. பொம்பளைங்க, பெரியவங்க வர்றாங்க பாருங்க."

தலையாட்டிவிட்டேன். அறை வேண்டுமே. சேகரிடம் சொன்னபோது கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்ப நான் எதுக்கு?" என்றான். காப்பி குடிக்காமல் கேலாங் பஸ் ஏறிவிட்டான்.

பீரங்கிகளை நானே நீக்கினேன். ஒவ்வொரு வரியிலும் அவன் கிண்டலாக எழுதிவைத்த குறிப்புகள். அழுகை வந்தது. மூக்கொழுகலும் இன்னும் நிற்கவில்லை.

24 செப்டம்பர், வியாழன்

நம்பவே முடியாத நாள்.

மக்சிக் மிஸஸ் லிம்முக்குக் கப்பல் நிறைய மசாலா அனுப்பினார். மிஸஸ் லிம் அவசரத்தில் என்டர் தட்டினார். கப்பல் காலியாகத் திரும்பியது.

மக்சிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். காலிதான். என் பக்கம் திரும்பி மலாயில், மெதுவாக: போர்க்கப்பல் எங்கே இருக்கிறது?

எடுத்துவிட்டோம் என்றேன்.

யார் எடுக்கச் சொன்னது?

மூவரும் மாணிக்கத்தின் அறைக்குப் போனார்கள். மிஸஸ் லிம்மும்தான். மக்சிக் படையெடுத்து வந்தால் தன் கிரகத்தைத் தான் எப்படிக் காப்பாற்றுவது என்று அவருக்குக் கவலை. பார்வதி அக்காவின் குரல் நடைபாதை வரை கேட்டது: "மரியாதை இல்லாதவங்களைத் தட்டிக் கேக்க ஒரு வழி வேணாமாய்யா?"

ஆபீசில் இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுக்காத சேகருக்குப் போன் போட்டேன். நடந்ததை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு, "வர்றேன்" என்றான்.

28 செப்டம்பர், திங்கள்

கமிட்டி முடிந்தது. கேக் வகுப்பு மொத்தமும் வாசலில் நின்றதாம். அறை எங்களுக்கே! பிங்பாங் மேசை பிளாக்குக்குக் கீழே திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்துக்கு. பீரங்கியும் இருக்கலாமாம்.

வியாழன் இரவே பீரங்கிகளைத் திரும்பச் சேர்த்துவிட்ட சேகர், மக்சிக்குக்குப் படை கட்டக் கற்றுக்கொடுக்கிறான். முகமெல்லாம் பல். பாலிடெக்னிக் பையன் ஒருவன் செய்தி விட்டிருக்கிறான்: என் இரண்டு கிரகத்தைப் பிடித்த மக்சிக் யார்?

நிம்மதி. ஆனாலும் உட்கார முடியவில்லை. வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். அம்மா திட்டுகிறார்.

30 செப்டம்பர், புதன்

மழை இல்லை. புழுக்கம். ஆபீஸ் முடிந்து சமூக நிலையம். ஆசையாக என் கிரகத்தைத் திறந்தேன். இத்தனை நாள் யாருமே தொடாத கிரகம்.

சுற்றிலும் போர்க்கப்பல்கள். கொடி: பார்வதிபுரம். கூடவே ஒரு செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழ்.

"என் தூக்குச்சட்டி எங்கே?"

அப்படியே பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில், அன்று அம்மா காட்டிய அதே இடத்தில், தூக்குச்சட்டி காலியாக. வீட்டில் பலகாரம் ஒன்றுகூட இல்லை. அம்மா ரவை வறுக்கிறார், நான் முந்திரி தேடுகிறேன்.